அண்ணன் கையில் கழி, தம்பி கையில் புத்தகம்: பழவேற்காட்டின் பள்ளிக்கூட நாட்கள்

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டர். பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தால், வயலும் உப்பங்கழியும் மாறி மாறி வரும். கடைசியில் தண்ணீர் வந்து வழிமறிக்கும் இடத்தில் பஸ் நிற்கும். அதுதான் பழவேற்காடு.

ஞாயிற்றுக்கிழமை வருபவர்களுக்கு இந்த ஊர் என்றால் நண்டு வறுவல், கலங்கரை விளக்கம், தூரத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும் பூநாரைக் கூட்டம், போனில் நான்கு செல்ஃபி. மாலையில் ஐஸ் பெட்டியில் இறால் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால்தான் ஊரின் இன்னொரு முகம் தெரியும். சீருடை போட்ட பிள்ளைகள் குப்பங்களிலிருந்து இரண்டு மூன்று பேராகக் கிளம்பி வருவார்கள். பெரியவள் தோளில் இரண்டு பை தொங்கும். ஒன்று அவளுடையது, இன்னொன்று தம்பியுடையது. தம்பி கையை வீசிக்கொண்டு ராஜா மாதிரி முன்னால் நடப்பான்.

எல்லா ஊரிலும் அக்கா தம்பி சேர்ந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். இதில் என்ன புதிது என்று கேட்கலாம். இந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஏரி இருந்தது. அதனால் கூடப் போக ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் கூடப் பிறந்தவராகவே இருந்தார்.

தண்ணீர் தாண்டிய பாதை

பழவேற்காடு ஏரி ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. பெரும்பகுதி ஆந்திராவிலும், தெற்கு நுனி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. ஆரணி ஆறு நன்னீரைக் கொண்டுவருகிறது. முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புநீரைக் கொண்டுவருகிறது. இரண்டும் கலக்கும் இடத்தில்தான் இறாலும் நண்டும் மடவையும் கொழுத்து வளர்கின்றன.

இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். நடந்தே கடக்கலாம் என்று தோன்றும். காலையில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர், ஓதம் ஏறினால் மாலையில் சின்னப் பிள்ளையின் மார்பைத் தொடும். சில இடங்களில் கால் வைத்தால் சேறு இழுக்கும். எந்த நேரத்தில் எந்த வழியில் நடக்கலாம், எப்போது படகுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அதை அண்ணனும் அக்காவும்தான் சொல்லித்தந்தார்கள்.

கடைவீதியிலிருந்து கலங்கரை விளக்கம் குப்பத்துக்குப் போக இப்போது பாலம் இருக்கிறது. பாலம் வருவதற்கு முன்பு படகுதான். பசியாவரம் போன்ற, நாலாபக்கமும் நீர் சூழ்ந்த ஊர்களின் நிலைமை இன்னும் கடினம். பாலம் வேண்டும் என்று அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக் காத்திருந்தார்கள். அந்தக் காலம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வழி ஒன்றுதான். ஆழம் குறைந்த நீரில் கழி ஊன்றிப் படகு தள்ளுவார்கள். படகு கிடைக்காத நாளில் புத்தகப் பையைத் தலையில் வைத்து, பாவாடையையோ கால்சட்டையையோ சுருட்டிக்கொண்டு இறங்கி நடப்பார்கள்.

அந்த நடையில் ஓர் ஒழுங்கு உண்டு. பெரியவன் முன்னால் போய்க் காலால் தரையைத் தடவிப் பார்ப்பான். சின்னவன் அவன் காலடி வைத்த இடத்திலேயே காலடி வைப்பான். கடைசியில் அக்கா வருவாள், பின்னாலிருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டு. நனைந்துபோன நோட்டுப் புத்தகத்தைக் கரையேறியதும் வெயிலில் விரித்துக் காயவைப்பார்கள். காய்ந்த பக்கம் அப்பளம் மாதிரி வளைந்து நிற்கும். இந்தப் பக்கத்தில் படித்தவர்களின் நோட்டில் உப்புக் கறை இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதை வேடிக்கையாக மட்டும் நினைக்க முடியாது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. ஆழம் குறைவு என்று தோன்றும் இந்தத் தண்ணீர் எவ்வளவு பொல்லாதது என்பதை வெளியூர்க்காரர்கள் அன்றைக்குத்தான் அறிந்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அது பால்பல் விழும் முன்பே தெரியும். "கையை விடாதே" என்று அண்ணன் சொன்னதன் அர்த்தம் அதுதான்.

பாடு என்றால் முறை

பழவேற்காட்டு மீனவர்களிடம் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. அதன் பெயர் 'பாடு'. ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. முகத்துவாரத்துக்கு அருகே, ஓதத்தோடு இறால் ஏறி இறங்கும் இடங்களில்தான் நல்ல வரத்து. எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் சண்டை வரும். அதனால் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று ஊர்ப் பெரியவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொடுப்பார்கள். இன்று உனக்கு நல்ல இடம் என்றால், அடுத்த முறை எனக்கு. உரிமை உள்ள குடும்பங்களைத் 'தலைக்கட்டு' கணக்கில் எண்ணுவார்கள்.

எல்லாச் சமூகத்துக்கும் எல்லா ஊருக்கும் இந்த உரிமை கிடையாது. அதனால் மனக்கசப்பும் மோதலும் வந்ததுண்டு. ஆனாலும் போலீஸும் சட்டப் புத்தகமும் இல்லாமல் ஒரு பொதுச் சொத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதேபோல் கட்டுவலை போடும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது.

வீட்டுக்குள்ளும் இப்படி ஒரு பாடு நடந்தது. முறை இல்லாத பாடு அது.

வீட்டில் மூன்று ஆண் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு வலை இழுக்க ஓர் ஆள் தேவை. மூத்தவன் எட்டாம் வகுப்பில் இருக்கிறான், தோளும் கொஞ்சம் விரிந்துவிட்டது. முதலில் சனி, ஞாயிறு மட்டும் படகேறுவான். பிறகு இறால் சீசனில் ஒரு வாரம். பிறகு முழுப் பரீட்சைக்கு முந்தின மாதம். ஒருநாள் வாத்தியார் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே நீளமாகக் கோடு போட்டுவிடுவார். அவன் கொண்டுவரும் காசில் இரண்டாமவன் பத்தாவது படிப்பான். மூன்றாமவன் பொன்னேரிக்குப் போய்க் கல்லூரி சேருவான்.

ஏரியில் பாடு சுழன்று வரும். இன்று கிடைக்காதது நாளை கிடைக்கும். பள்ளிக்கூடம் விட்ட அண்ணனுக்கு அந்த முறை திரும்ப வராது. மீனவக் குப்பங்களில் பேண்ட் சட்டை போட்டு ஆபீஸ் போகும் பல தம்பிகளுக்குப் பின்னால், விரலெல்லாம் வலைக்கயிறு அறுத்த தழும்போடு ஓர் அண்ணன் இருப்பார். பள்ளி நாட்களைப் பற்றிச் சிரித்துப் பேசும்போது இந்த இடம் வந்ததும் பேச்சு கொஞ்சம் தயங்கும். அப்புறம் யாராவது கணக்கு வாத்தியாரின் பிரம்பைப் பற்றி ஆரம்பிப்பார்கள். மறுபடி சிரிப்பு.

அக்காவின் இடுப்பில் ஒரு பிள்ளை

அண்ணன் படகேறினான் என்றால், அக்கா வீட்டில் நின்றாள்.

மீனவக் குடும்பத்தில் ஆணுக்கு மட்டுமல்ல, பெண்ணுக்கும் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். படகு கரை சேர்ந்ததும் மீனைப் பிரிக்க வேண்டும், ஏலம் எடுக்க வேண்டும், கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓட வேண்டும். மிஞ்சியதைக் கருவாடாகக் காயப்போட வேண்டும். அம்மா இதற்கெல்லாம் போனால், கைக்குழந்தையை யார் பார்ப்பது? ஒன்பது வயது அக்காதான். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பானை கழுவுவாள், நண்டுக் குழம்பு கொதிக்கிறதா என்று பார்ப்பாள். பள்ளிக்கூட மணி தூரத்தில் அடிப்பது காதில் விழும்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றியது சோறு. காமராஜர் காலத்தில் 1956-ல் பள்ளிகளில் மதிய உணவு மாநில அளவில் தொடங்கியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1-ல் சத்துணவுத் திட்டம் வந்தது. அதில் பலரும் கவனிக்காத ஓர் அம்சம், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சேர்த்து 2 வயதிலிருந்தே குழந்தைகளுக்கும் மையங்களில் சாப்பாடு போட்டார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்தது. அவனை மையத்தில் விட்டுவிட்டு அக்கா வகுப்புக்குப் போகலாம். மதிய மணி அடித்ததும் ஓடிவந்து, தம்பி சாப்பிட்டானா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கலாம். அந்தத் தலைமுறையில் படித்த பெண்களிடம் சத்துணவு என்று சொல்லிப் பாருங்கள். முட்டை, சுண்டல் எல்லாம் பிறகுதான். முதலில் தம்பி தங்கைதான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

1989-ல் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில், பெண் எட்டாம் வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். கல்யாணத்துக்குக் கிடைக்கும் பணத்துக்காகவாவது பெண்ணை இன்னும் இரண்டு வருஷம் படிக்க விடலாம் என்று பல வீடுகள் யோசித்தன. மூத்தவளுக்குக் கிடைக்காத அந்த இரண்டு வருஷம் இளையவளுக்குக் கிடைத்தது. ஒரே வீட்டில் பிறந்தவர்களில் அக்கா கைநாட்டு, தங்கை பத்தாவது என்று இருப்பதற்கு இப்படியெல்லாம் காரணம் உண்டு.

ஊரில் எல்லா வீட்டுக் கதையும் ஒரே மாதிரி கிடையாது. பழவேற்காட்டில் பல நூற்றாண்டுகளாக வாழும் முஸ்லிம் குடும்பங்களில் பனை ஓலையில் பெட்டி, கூடை முடையும் கைத்தொழில் இருக்கிறது. ஓலையைக் கிழித்துச் சாயமேற்றி மடிக்கும் நுணுக்கத்தை அக்காவின் விரலைப் பார்த்தே தங்கை கற்றுக்கொள்வாள். வீட்டுப்பாடம் ஒருபக்கம், ஓலைப்பெட்டி ஒருபக்கம்.

இருளர் குடும்பங்களில் வலையும் கிடையாது, படகும் கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய 'பறி'. இரண்டு கையும் இறால் தேடுவதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். அம்மாவோடு பிள்ளைகளும் தண்ணீரில் இறங்குவார்கள். பல் இறுகக் கடித்திருக்கும்போது பேச முடியாது. அண்ணனும் தங்கையும் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தின் வாசல் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் கடைசியாகத் திறந்தது.

டிபன் பாக்ஸில் நண்டு

கஷ்டத்தை மட்டும் சொன்னால் அந்த நாட்களுக்கு நியாயம் செய்ததாகாது. சந்தோஷம் நிறைய இருந்தது, காசில்லாத சந்தோஷம்.

முதல் சந்தோஷம் சாப்பாடு. முந்தின நாள் மீன் குழம்பு, மண் சட்டியில் ராத்திரி முழுக்க ஊறி, காலையில் பழைய சோற்றோடு சேரும்போது வரும் ருசிக்கு நிகர் இல்லை. நண்டின் பெரிய கால் யாருக்கு என்பதில் தினமும் பஞ்சாயத்து. அதை அக்கா தன் பல்லால் கடித்து உடைத்து, சதையை எடுத்துக் கடைசித் தம்பியின் தட்டில் வைப்பாள். நடுவில் பிறந்தவன்தான் பாவம், அவனுக்குக் குழம்பு மட்டும்.

அடுத்தது விளையாட்டு. பள்ளி விட்டதும் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டுக் கரைக்கு ஓடுவார்கள். ஈர மணலில் குட்டி நண்டுகளைத் துரத்துவது, கரையேற்றிவைத்த படகைக் கப்பலாக்கி நாடு பிடிப்பது, அறுந்த வலைத் துண்டில் பந்து செய்வது, மணலில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவது. படகைக் கவிழ்த்து வைத்திருந்தால் அதன் அடியில் ஒளிந்துகொள்ளலாம். அங்கே ஒளிந்தவன் தூங்கிப்போய், ஊரே தேடும். அடி வாங்குவது என்னவோ தேடாமல் விளையாடிக்கொண்டிருந்த அண்ணன்.

விளையாட்டு மைதானமே சரித்திரம்தான். 1609-ல் இந்தக் கரையில் கால் வைத்த டச்சுக்காரர்கள், 1613-ல் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். இங்கிருந்து போன கைத்தறித் துணி உலகச் சந்தையில் பேர் பெற்றது. இன்றைக்கும் 'பழையகாட்டு லுங்கி' என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பழையகாடு இந்த ஊர்தான். துணியோடு மனிதர்களையும் ஏற்றுமதி செய்தார்கள் என்பது அந்த வரலாற்றின் இருண்ட பக்கம். 17-ம் நூற்றாண்டில், பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் அடிமைகளாக்கப்பட்டு இந்தக் கரையிலிருந்து பட்டாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பட்டாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. கூடப் பிறந்தவர்கள் ஒருவரை ஒருவர் மறுபடி பார்க்க முடியாமல் பிரிந்த கரை இது. கோட்டை இப்போது புதரும் மேடுமாகக் கிடக்கிறது. எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு டச்சுக் கல்லறை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அந்தி சாய்ந்த பிறகு அந்தப் பக்கம் போனால் எலும்புக்கூடு எழுந்து வரும் என்று தம்பிகளைப் பயமுறுத்துவது அண்ணன்களின் பிறப்புரிமை.

திருவிழாவுக்கும் குறைவில்லை. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து வரும் மகிமை மாதா கோயில், விஜயநகரக் காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில், பழைய பள்ளிவாசல் என்று எல்லாம் நடை தூரத்தில். மாதா கோயில் திருவிழா, குப்பத்து அம்மன் கூழ், ரம்ஜான் கஞ்சி என்று பிள்ளைகளுக்கு ஆண்டு முழுக்க ஏதோ ஒரு வாசலில் ஏதோ ஒன்று கிடைக்கும். வாங்கி வந்ததை வீட்டில் இருக்கும் குட்டித் தங்கைக்கு மறைத்து எடுத்துவந்து கொடுத்த கைகள் எத்தனையோ.

அக்கரையிலிருந்து ஏறும் நெருப்பு

பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு காட்சி உண்டு. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே வாழ்ந்த குடும்பங்கள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டு ஏவுதளம் உருவானது. 1971-ல் முதல் சிறிய ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் ஏவும் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும். அப்பாவுக்கு அன்று வருமானம் இல்லை, பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். மாடியிலும் கவிழ்த்துவைத்த படகிலும் ஏறி நிற்பார்கள். அண்ணன் தோளில் தம்பி. முதலில் வெளிச்சம், பிறகு வெள்ளைப் புகை, கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வரும். ஒளி முன்னால், ஒலி பின்னால் என்ற அறிவியல் பாடம் இங்கே வானத்தில் நடக்கும்.

1980 ஜூலை 18 காலையில் அப்படிக் கிளம்பியதுதான் எஸ்.எல்.வி-3. முந்தின ஆண்டு ஆகஸ்ட் 10-ல் நடந்த முதல் முயற்சி கடலில் விழுந்தது. இரண்டாவது முயற்சியில் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. திட்ட இயக்குநர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்.

கலாமும் கடற்கரைப் பிள்ளைதான். 1931-ல் ராமேஸ்வரத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவிடம் ஒரு படகு இருந்தது. சிறுவனாக இருந்தபோது உறவுக்காரர் சம்சுதீனுக்கு உதவியாகச் செய்தித்தாள் கட்டுகளைச் சேகரித்துக் கொடுத்து முதல் சம்பாத்தியம் பார்த்தார். ஒருநாள் அம்மா பரிமாறப் பரிமாறச் சப்பாத்திகளைச் சாப்பிட்டுவிட்டார். பிறகு அண்ணன் தனியே கூப்பிட்டு, அம்மா தன் பங்கையும் உனக்கே கொடுத்துவிட்டார், நீ கவனிக்கவில்லையா என்று கேட்டார். அந்த அண்ணன் திட்டியதைக் கலாம் கடைசிவரை மறக்காமல் சொல்லிவந்தார்.

சென்னை எம்.ஐ.டி-யில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது கட்டணத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அப்பாவிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த நகையை மீட்டுத் தருவேன் என்று கலாம் மனதுக்குள் உறுதி எடுத்ததாக 'அக்னிச் சிறகுகள்' நூலில் பதிவு செய்திருக்கிறார். பழவேற்காட்டிலிருந்து பார்க்க, ஏரிக்கு அக்கரையில் எழுந்த அந்த நெருப்பில் ஓர் அக்காவின் வளையலும் இருந்தது.

ஜோஹராவின் பெயர் ஒரு புத்தகத்தில் பதிவாகிவிட்டது. குப்பங்களில் அப்படிப் பதிவாகாத ஜோஹராக்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். தோட்டை விற்று நோட்டு வாங்கிக்கொடுத்த அக்காக்கள், படகேறிப் பஸ் காசு கொடுத்த அண்ணன்கள்.

ஏரியும் மாறுகிறது, வீடும் மாறுகிறது

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை. பிள்ளைகள் வீட்டில் இருந்த காலை நேரத்தில் சுனாமி வந்தது. கடலோரக் குப்பங்கள் அடிபட்டன. படகும் வலையும் போனதோடு பள்ளிச் சான்றிதழும் புத்தகமும் போயின. சில குடும்பங்கள் கடலை விட்டுத் தள்ளிக் கட்டப்பட்ட புதிய குடியிருப்புகளுக்கு மாறின. ஒரே தெருவில் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் என்று கூட்டமாக வளர்ந்தவர்கள் வரிசை வீடுகளில் பிரிந்தார்கள்.

ஏரிக்கும் சிக்கல். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து கோடையில் அடைத்துக்கொள்கிறது. அடைத்தால் படகு கடலுக்குப் போக முடியாது, கடல் நீரும் இறால் குஞ்சும் உள்ளே வர முடியாது. முகத்துவாரத்தைத் திறந்துவைக்க இருபுறமும் கல் சுவர் எழுப்பும் பணியை அரசு மேற்கொண்டது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை மீனவர்கள் தொடர்ந்து எதிர்த்துவருகிறார்கள். கரை அரிக்கும், ஏரி கெடும் என்பது அவர்கள் பயம். மீன் வரத்து குறைந்தால் 'பாடு' இருந்தும் பயன் என்ன? முறை வரும், வலையில் மீன் வராது.

அதனால்தான் இப்போதைய அப்பா அம்மாக்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். மூத்தவனும் படிக்கட்டும், இளையவளும் படிக்கட்டும். 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவானது. விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகும் அம்மாவுக்கு அடுப்புக் கவலை ஒன்று குறைந்தது, அக்காவுக்கும்தான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' 2022-ல் வந்தது. ஆண் பிள்ளைகளுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024-ல் வந்தது. பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரியோடு மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது. தாத்தா கையால் தடவிப் பிடித்த இறாலைப் பேரன் பேத்தி நுண்ணோக்கியில் பார்த்துப் படிக்க வழி இருக்கிறது.

இதில் ஒரு சின்ன இழப்பும் உண்டு. பாலம் வந்த பிறகு தம்பியின் கையைப் பிடித்துத் தண்ணீர் தாண்டவேண்டிய அவசியம் அக்காவுக்கு இல்லை. எந்த இடத்தில் சேறு இழுக்கும், ஓதம் எப்போது ஏறும் என்று சொல்லித்தர அண்ணனும் இல்லை, அவன் சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறான். அடுத்த தலைமுறைக்கு ஏரி தெரியாமல் போய்விடுமோ என்று பெரியவர்கள் கவலைப்படலாம். ஆனால் அந்த அறிவைக் காப்பாற்ற ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தலாமா என்று கேட்டால், வலை இழுத்துக் கை காய்த்த எந்த அண்ணனும் கூடாது என்றுதான் சொல்வார். விடுமுறையில் வா, சொல்லித்தருகிறேன் என்பார்.

நீங்களும் போய் வரலாம்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி புறநகர் ரயிலில் பொன்னேரி வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு போகலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை பூநாரைகள் வரும் காலம். 1980-லேயே தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அதனால் பறவைகளைத் தூரத்தில் இருந்தே பாருங்கள், சத்தம் வேண்டாம். அனுமதியில்லாத படகில் ஏறாதீர்கள், குழந்தைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். டச்சுக் கல்லறை, ஆதிநாராயணப் பெருமாள் கோயில், மகிமை மாதா கோயில், பள்ளிவாசல் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். திரும்பும்போது ஒரு பனை ஓலைப் பெட்டி வாங்குங்கள். அது எத்தனையோ அக்கா தங்கைகளின் கைவேலை.

முடிந்தால் உங்கள் அண்ணனையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். கல்யாணம், வேலை, வெளியூர் என்று ஆளுக்கொரு பக்கம் போன பிறகு, கூடப் பிறந்தவர்கள் மட்டுமாகச் சேர்ந்து ஒருநாள் வெளியே போய் எத்தனை வருஷம் ஆகிறது? உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் படிப்பை நிறுத்தியிருக்கலாம், நகையைக் கொடுத்திருக்கலாம், அல்லது மழை நாளில் உங்கள் பையையும் சேர்த்துச் சுமந்திருக்கலாம். கரையில் உட்கார்ந்து நண்டு சாப்பிடும்போது அந்தப் பேச்சை எடுங்கள். நண்டின் பெரிய காலை இந்த முறை அவர் தட்டில் வையுங்கள்.